அனிமேஷன் படிக்கப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

கிண்டியில் ஒரு ஸ்டுடியோ. நான் செய்த அனிமேஷன்களைத் தொகுத்த ஷோரீலைப் போட்ட பத்தாவது நொடியில் அதை நிறுத்திவிட்டார் அங்கிருந்தவர். "தம்பி, இதே துள்ளுற பந்து, இதே நடை, இதே சிவப்புச் சட்டை பொம்மை. காலையில இருந்து நீங்க நாலாவது ஆளு."

நாலு பேரும் ஒரே கல்லூரிதான். மூன்று வருடம், மூன்றே கால் லட்சம். அப்பா எல்ஐசி பாலிசியை அடகு வைத்துக் கட்டியது.

சேரப் போன அன்று சுவர் முழுக்கச் சினிமா போஸ்டர். "எல்லாம் நம்ம பசங்க வேலை பார்த்த படம் சார்" என்றார்கள். எந்தப் பையன், என்ன வேலை என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வகுப்பில் பென்சிலைத் தொட்டதே இல்லை. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம்; பந்து உச்சியில் தயங்குவதற்கு எத்தனை, விழுவதற்கு எத்தனை என்று பிரித்துக் கொடுப்பதில்தான் உயிரே இருக்கிறது. இதை நான் படிப்பு முடிந்த பிறகு தெரிந்துகொண்டேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த அண்ணன் போன வருட மாணவர். "இந்த ஃபைலைத் திற, கீயை அப்படியே காப்பி பண்ணிக்கோ" என்பார். கீ என்றால் அசைவின் முக்கிய நிலைகள். பாவம், அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

சாஃப்ட்வேர் கட்டணம் என்று தனியாக 18,000 ரூபாய். போட்டுக்கொடுத்தது மாயா என்கிற அனிமேஷன் சாஃப்ட்வேரின் கிராக், அதாவது திருட்டுப் பிரதி. மாணவர்களுக்கு மாயா இலவசமாகவே கிடைக்கும், பிளெண்டர் என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் எல்லாருக்குமே இலவசம் என்பது அப்போது தெரியாது.

நூறு சதவீதம் வேலை என்றார்களே, அதுவும் வந்தது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் கடையில்.

சேரப் போகிறவர்கள் போன வருடப் பிள்ளைகள் மூன்று பேரின் ரீலை வரிசையாகப் போடச் சொல்லிப் பாருங்கள். ஒரே பொம்மை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தரமணி அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்கவே இல்லை.

அப்புறம், ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்லூரிகள் அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. என் பிளஸ் டூ மார்க் ஷீட் இன்னும் அவர்கள் பீரோவில்தான். போன வாரம் போய்க் கேட்டேன். "லேப் பாக்கி ஆறாயிரம் இருக்கு, கட்டிட்டு வாங்கிக்கோப்பா."