கிருஷ்ணகிரி ‘பேப்பர் பப்ளிகேஷன்’ சென்டரில் என் ஆய்வுக் கட்டுரைக்கு நடந்தது: ஆசிரியர்கள், ஸ்காலர்கள் கவனத்துக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களும் பி.எச்டி பண்ணுகிறவர்களும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. பி.எச்டி முடித்து வந்த பிறகு நானாக எடுத்துச் செய்த முதல் வேலை இது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு வருடம் அளந்தேன். நம் மாவட்டத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்பார்கள். வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், அதற்கு மேலும் போனால் எலும்பைப் பிடிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் நான் போன பல வீடுகளில் குழாயில் தண்ணீர் வராத நாளில் சோறு வடிப்பதும் களி கிண்டுவதும் போர்வெல் தண்ணீரில்தான்.

மொத்தம் 58 போர்வெல். கோடையில் ஒரு சுற்று, மழைக்காலம் முடிந்து ஒரு சுற்று. கண்ணாடி பாட்டில் ஆகாது, ஃப்ளோரைடு கண்ணாடியைப் பிடிக்கும், பிளாஸ்டிக் பாட்டில்தான். ஸ்கூட்டியில் காலுக்கு நடுவில் பையை வைத்துக்கொண்டு போவேன். முதல் நாள் மார்க்கரில் எழுதிய எண் தண்ணீர் பட்டு அழிந்துபோய், 11 பாட்டில்கள் எந்த ஊர் என்று தெரியாமல் மறுநாள் அத்தனை ஊருக்கும் திரும்பப் போனேன். அதற்கப்புறம் பென்சிலில் எழுதி மேலே டேப் ஒட்டினேன்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு பாட்டி, நான் குறித்துக்கொள்வதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏம்மா கண்ணு, வர்றவங்க எல்லாம் எழுதிக்கிட்டுத்தான் போறாங்க. எழுதி யார்கிட்ட காட்டுவ?” என்று கேட்டார். பக்கத்தில் அவருடைய பேரன், ஏழெட்டு வயதிருக்கும். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டான். “புத்தகத்துல வரும் பாட்டி, உங்க ஊர் பேரோட வரும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் அந்த ஊர்க்காரர்களையும், கூட வந்து தண்ணீர் பிடித்துக் கொடுத்த இரண்டு எம்.எஸ்சி மாணவிகளையும் குறிப்பிட்டிருந்தேன்.

கட்டுரையை எழுதிய ஆசிரியர்களின் பெயர்களில் முதலில் நான், இரண்டாவது எங்கள் எச்.ஓ.டி. அவர் இந்த வேலையில் எதுவும் செய்யவில்லை. ஆனால் துறைத் தலைவர் பெயரைப் போடுவது எங்கள் கல்லூரியில் வழக்கம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் போட்டேன். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு இதுவே என் வாயை அடைக்கப் பயன்பட்டது.

சரி, சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு மாடியில் இருக்கிறது. பி.இ ப்ராஜெக்ட், தீசிஸ் டைப்பிங், ‘ஸ்கோபஸ் சப்போர்ட்’ என்று போர்டு. ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களைப் பட்டியலிடும் ஒரு தரவுத்தளம். கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் போனேன். 2024 ஆகஸ்டில் ஃபைலைக் கொடுத்தேன். மொழி திருத்துவது, ஜர்னலின் ஃபார்மட்டுக்கு மாற்றுவது, அனுப்புவது எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். முன்பணம் 6,000, கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஜர்னல் தரும் அக்செப்டன்ஸ் லெட்டர் வந்ததும் 12,000. “அனுப்புறது, ரிவிஷன் எல்லாம் எங்க மெயில்லயே பார்த்துக்கறோம் மேடம், உங்களுக்கு எதுக்குத் தொல்லை” என்றார் அங்கிருந்தவர். செமஸ்டர் நேரம். பேப்பர் திருத்துகிற வேலை தலைக்கு மேல் இருந்தது. சரி என்று விட்டேன்.

நான் ஏமாந்தது அந்த ஒரு ‘சரி’யில்தான். கட்டுரையை அனுப்புகிற கணக்கு யார் மெயிலில் இருக்கிறதோ அவர்தான் பெரும்பாலும் கரஸ்பாண்டிங் ஆதர். ஜர்னல் முக்கியமாகப் பேசுவது அவரிடம்தான். பெயர்களை வரிசைப்படுத்துவது, சேர்ப்பது, கடைசி ப்ரூஃபுக்கு ஒப்புதல் கொடுப்பது எல்லாம் அவர் கையில். பல ஜர்னல்கள் மற்ற ஆசிரியர்களுக்கும் ‘உங்கள் பெயரில் இப்படி ஒரு கட்டுரை வந்திருக்கிறது’ என்று தானாக ஒரு மெயில் அனுப்பும். எனக்கு அது வரவே இல்லை. என் பெயரில் அவர்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நவம்பரில் அக்செப்டன்ஸ் லெட்டர் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது. தலைப்பும் ஜர்னல் பெயரும் இருந்தன, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டியிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் 12,000 அனுப்பினேன். அதன் பிறகு போன் செய்தால் “ப்ரொடக்ஷன்ல இருக்கு மேடம்” என்ற பதில்தான். 2025 ஏப்ரலில் ஒரு மாணவிக்காக இணையத்தில் பென்னாகரம் ஃப்ளோரைடு என்று தேடியபோது என் கட்டுரை வந்து நின்றது. தலைப்பு வேறு. உள்ளே என் அட்டவணை, என் 58 போர்வெல், நான் வரைந்த வரைபடம். மேலே ஐந்து பெயர்கள். முதல் மூன்று பேர் யாரென்றே எனக்குத் தெரியாது, இரண்டு பேர் வேறு மாநிலக் கல்லூரி. நான்காவது எங்கள் எச்.ஓ.டி. ஐந்தாவது நான், அதுவும் இனிஷியலைத் தப்பாக விரித்து, கல்லூரிப் பெயர் இல்லாமல். நன்றிப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

கட்டுரையின் முடிவில், யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஒரு பத்தி. க்ரெடிட் என்று ஒரு முறை இருக்கிறது, ஆய்வு வேலையை 14 பங்குகளாகப் பிரித்து ஒவ்வொருவர் பங்கையும் சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தில் வந்த முறை அது. அதில் ‘கள ஆய்வு, மாதிரி சேகரிப்பு’ என்ற இடத்தில் முதல் பெயர்க்காரர். எனக்கு ‘திருத்தமும் சரிபார்ப்பும்’. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்கு வகுப்பு எடுக்க முடியவில்லை. பென்னாகரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றாவது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்குமா?

சென்டருக்குப் போன் செய்தேன். நான் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னது இது: “மேடம், உங்க பேர் இருக்கே. வேலை செய்யாத ஒருத்தர் பேரை நீங்களே போட்டுத்தானே குடுத்தீங்க? நாங்க மூணு பேரைச் சேர்த்தோம். உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

என்ன குறைந்தது என்று கணக்கோடு சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. அறிவியல் துறையில் அடிப்படையாக 8. இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேல் போனால் முதல் ஆசிரியர் அல்லது கரஸ்பாண்டிங் ஆதருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். எனக்கு 5.6 வர வேண்டியது 2.4 ஆனது. பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு 75, பேராசிரியருக்கு 120 என்று எல்லை இருக்கும்போது இந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் உற்றுப் பாருங்கள். மூன்றாவது பெயருக்கு அப்புறம் எத்தனை பெயர் சேர்த்தாலும் முதல் ஆளுக்கு ஒரு புள்ளிகூடக் குறையாது. சேருகிற ஒவ்வொருவருக்கும் புதிதாக 30 சதவீதம் கிடைக்கும். ஓர் ஆய்வாளரை மதிப்பிடப் பார்க்கும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணும் அப்படித்தான். 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவு அது: மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உங்களிடம் 10 இருந்தால் உங்கள் எண் 10. நீங்கள் முதல் பெயரா ஐந்தாவது பெயரா என்று அது பார்ப்பதே இல்லை. சும்மா சேருகிற பெயருக்கும் முழு மேற்கோளும் போய்ச் சேரும். யாருக்கும் செலவில்லாமல் உண்டாகிற இந்தப் புள்ளியைத்தான் சென்டர்கள் விற்கின்றன. ‘ஸ்கோபஸ் க்யூ3, 2வது, 3வது பொசிஷன் காலி’ (க்யூ3 என்றால் தர வரிசையில் மூன்றாவது கால்பகுதி ஜர்னல், பொசிஷன் என்றால் ஆசிரியர் பெயர் வரிசையில் இடம்) என்று வாட்ஸ்அப் குழுக்களில் வருவதை நானும் எத்தனையோ முறை பார்த்துத் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்தக் காலி இடம் யாரோ ஒருவர் உழைத்த கட்டுரையில் இருக்கும் இடம் என்று அப்போது தோன்றவில்லை.

யார் ஆசிரியர் என்பதற்கு உலகம் ஒத்துக்கொண்ட வரையறை இல்லாமல் இல்லை. 1978ல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழ் எடிட்டர்களின் குழுவிலிருந்து வளர்ந்த விதிகளை மற்ற துறைகளிலும் பலர் பின்பற்றுகிறார்கள். நான்கு நிபந்தனை: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், பிறகு எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். துறைத் தலைவராக இருப்பதோ, ஆய்வுக்கு நிதி வாங்கிக் கொடுத்ததோ மட்டும் போதாது. அந்தக் கணக்கில் அந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான் ஆசிரியர்.

எச்.ஓ.டியிடம் காட்டினேன். “நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்குல்ல, விடும்மா” என்றார் முதலில். நான் விடவில்லை. ஜர்னலுக்கு எழுதினேன். யார் வேலை செய்தார்கள் என்று ஜர்னல் தீர்ப்புச் சொல்லாது, நிறுவனத்தின் விசாரணைக் கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. கோப் என்கிற பதிப்பு நெறிமுறைக் குழுவின் வழிமுறையும் அதுதான். வெளிவந்த பிறகு பெயரை மாற்ற எல்லா ஆசிரியர்களின் சம்மதமும் கேட்பார்கள். பணம் கொடுத்து இடம் வாங்கியவர் சம்மதிப்பாரா? கல்லூரியில் மூன்று பேர் குழு போட்டார்கள். களக் குறிப்பேடு, தேதியோடு இருந்த போன் படங்கள், மீட்டர் அளவுகளைக் குறித்த மூலத் தாள்கள், 2023லேயே எனக்கு நானே மெயிலில் அனுப்பி வைத்திருந்த எக்செல் எல்லாம் கொடுத்தேன். குறிப்பேட்டில் தண்ணீர் பட்டு மை கலைந்த பக்கம்கூட அன்றைக்குச் சாட்சியாக நின்றது. அந்த விசாரணையில்தான் எச்.ஓ.டியிடம் “எந்த முறையில் அளந்தீர்கள்?” என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவராகவே தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஜர்னலுக்குக் கடிதம் எழுதி, அதன் நகலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த நேர்மைக்கு அவரை மதிக்கிறேன்.

கல்லூரியின் கடிதம் போய்விட்டது. திருத்தம் இன்னும் வரவில்லை. பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. காப்பிரைட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ‘இதை எழுதியது நான்’ என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

மொழி திருத்த ஆள் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் அனுப்புவது உங்கள் மெயிலில், உங்கள் பாஸ்வேர்டில் இருக்கட்டும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகக் கிடைக்கும் ஆர்கிட் எண் இலவசம், 16 இலக்கம், பத்து நிமிட வேலை. நம்மைப் போல இனிஷியல் வைத்து எழுதுகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம், பெயரை எப்படிக் குழப்பினாலும் எண் மாறாது. யார் பெயர், எந்த வரிசை என்பதை முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினால் இந்தப் பதிவைக் காட்டிக் கேளுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு சென்டரில் ஃபைல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே இணையத்தில் தேடிப் பாருங்கள். தலைப்பை வைத்துத் தேடினால் கிடைக்காது, மாற்றியிருப்பார்கள். உங்கள் பெயரை வைத்துத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். நீங்கள் மாதிரி எடுத்த ஊரின் பெயரை வைத்துத் தேடுங்கள். என் கட்டுரையில் அவர்களால் மாற்ற முடியாமல் போனது அது ஒன்றுதான்.