அபார்த்தைட் அருங்காட்சியகம், ஜோகன்னஸ்பர்க்: எங்கே நின்று பார்க்க வேண்டும்?

அபார்த்தைட் என்பது தென்னாப்பிரிக்காவில் சட்டமாகவே இருந்த இன ஒதுக்கல் ஆட்சிமுறை. கோல்ட் ரீஃப் சிட்டி கேளிக்கைப் பூங்காவை ஒட்டி 2001-இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் பாடம் நுழைவுச் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சீட்டில் ‘வெள்ளையர்’ என்றோ ‘வெள்ளையர் அல்லாதவர்’ என்றோ இருக்கும். உங்கள் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கைக்கு வந்தது வந்ததுதான். அந்தந்த வாசலில்தான் நுழைய வேண்டும், குடும்பம் பிரிந்துவிடும். சீட்டை மாற்றிக்கொள்ளாதீர்கள். அந்தச் சில நிமிடப் பிரிவை உணரத்தான் இந்த ஏற்பாடு.

உள்ளே கம்பிக் கூண்டுகளில் பெரிதாக்கிய அடையாள அட்டைகள். இங்கே அவசரம் கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனத்தில் எழுதிவைத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்ததும் உண்டு: நழுவி விழுந்தால் வெள்ளையர், சிக்கிக்கொண்டால் இல்லை. கூடப் பிறந்தவர்களே வெவ்வேறு இனமாகப் பதிவானார்கள். எங்கே குடியிருக்கலாம், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, யாரைக் கட்டலாம், எல்லாம் அந்த ஒரு பதிவைப் பொறுத்தது. அதே ஆண்டு வந்த, இனத்துக்கொரு குடியிருப்புப் பகுதி என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம்தான் டர்பனில் கேட்டோ மேனர் இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும், இங்கே பேஜ்வியூக்காரர்களை லெனேசியாவுக்கும் பெயர்த்தது. இனவெறி என்றால் ஏச்சுப்பேச்சு மட்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் இந்தக் கூண்டுகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆளைத் திட்டாமலே, ஒரு குமாஸ்தா முத்திரை குத்தியே ஒரு குடும்பத்தைக் குலைக்க முடிந்தது.

தூக்கிலிடப்பட்ட அரசியல் கைதிகளுக்காக 131 சுருக்குக் கயிறுகள் தொங்கும் அறைக்குச் சிறு பிள்ளைகள் வேண்டாம்.

மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். படிக்க நிறைய இருப்பதால் முதல் கூடங்களிலேயே களைத்து, 1976 சொவெட்டோ மாணவர் எழுச்சிக்கு வரும்போது ஓட்டமாக ஓடிவிட நேரும். ஆரம்பத்தில் அட்டைகளை மட்டும் ஊன்றிப் பார்த்துவிட்டு, மிச்சத் தெம்பைப் பின்பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறை: தமிழர் கதையைத் தேடி வருபவருக்கு இது மட்டும் போதாது. ஜோகன்னஸ்பர்க் அன்று சேர்ந்திருந்த டிரான்ஸ்வால் காலனியில் ஆசியர்களிடம் கைரேகை கேட்ட 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வளர்ந்த சத்தியாகிரகத்தில், 1913-இல் சிறை புகுந்தவள் வள்ளியம்மை. காய்ச்சலோடு வெளியே வந்தவள், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தாள். அவள் கல்லறை இதே ஊரில், பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால், அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். பலகைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், பாட்டி தாத்தாவோடு படித்துச் சொல்ல ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.