கடைசி நடைக்கு யார் பணம் கட்டுவது?

எங்கள் ஊர் கோரையாற்றுக் கரையில் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து இரவு எட்டரைக்குக் கிளம்பும் கடைசி பஸ் நடை நின்றுபோனதிலிருந்து, அங்கே ஜவுளிக்கடைகளில் வேலைபார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆறரைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் வேலையையே விட்டுவிட்டார்கள். ஆள் ஏறவில்லை, வசூல் இல்லை என்று பஸ்ஸை நிறுத்தியவர்கள் காரணம் சொன்னார்கள். அந்த நடையில் பதினைந்து பேர்தான் ஏறினார்கள் என்பது உண்மை. அவர்களுக்கு வீடு வந்துசேர வேறு வழியில்லை என்பதும் உண்மை.

இப்படிப்பட்ட ஊருக்கு மூன்று வழிகளைச் சொல்லலாம்: அரசு டவுன் பஸ், தனியார் மினி பஸ், கேரளத்தில் செய்வதுபோல் உள்ளாட்சியே செலவில் பங்கேற்று ஓட்டவைக்கும் பஸ். ஷேர் ஆட்டோவை நான் சேர்க்கவில்லை. ஆள் நிரம்பினால்தான் அது கிளம்பும். நம் கவலையோ ஆள் நிரம்பாத நேரத்தைப் பற்றியது.

அரசு டவுன் பஸ்ஸின் பலத்தை டெல்டாவில் விளக்கத் தேவையில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகிறவருக்கு அன்றைய கூலி முழுசாகக் கையில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பாஸ் உண்டு. அந்த இழப்பைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதில் ஊருக்கு அதிகாரம் இல்லை. கிராம சபையில் தீர்மானம் போடலாம். அது கோரிக்கையாகவே நிற்கும். வண்டியோ ஓட்டுநரோ குறைந்தால், வசூல் குறைந்த விடியற்காலை நடைக்கும் கடைசி நடைக்கும்தான் முதலில் ஆபத்து. வாய்க்கால் பாலங்கள் இன்னொரு தடை. பழைய குறுகலான பாலத்தில் பெரிய பஸ் திரும்பாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றங்கரைச் சாலை ஓரம் சரிந்தால், பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும்.

அந்தப் பாலத்தை மினி பஸ் தாண்டிவிடும். 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டத்தை விரிவாக்கி, 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் ஏற்கெனவே பஸ் ஓடாத சாலையாக இருக்க வேண்டும். முதலீடு உரிமையாளருடையது, ஊராட்சிக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் பெண்களுக்கான இலவசப் பயணம் அரசு பஸ்ஸுக்கு மட்டுமே. இங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். போகவும் வரவும் தினமும் எடுத்தால் மாதக் கடைசியில் அது சிறிய தொகை அல்ல. நான் ஏறும் மினி பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு நிற்க இடமிருக்காது. மதியம் பல நாட்கள் வண்டியே வராது. சொந்தப் பணம் போட்டவரை நட்டத்தில் ஓட்டச் சொல்வதும் நியாயமில்லை.

மூன்றாவது வழிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் ஊராட்சியில் 'கிராம வண்டி'யைத் தொடங்கியது. டீசல் செலவு உள்ளாட்சியுடையது. வண்டி, ஊழியர் சம்பளம், பராமரிப்பு, காப்பீடு கழகத்துடையது. பணம் கட்டுவதால் தடத்தையும் நேரத்தையும் பற்றி ஊர் உரிமையோடு பேச முடிகிறது.

இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கேரளத்தில் கிராம ஊராட்சிகள் 941, தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். நம் ஊராட்சிகள் சின்னவை, வருமானமும் சொற்பம். 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரைக்குத் தந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. எம்.பி. தொகுதி நிதி நிரந்தரச் சொத்துகளுக்கானது. பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கட்டலாம், பஸ்ஸுக்கு டீசல் போட முடியாது. இங்கிலாந்து தரும் எச்சரிக்கையும் உண்டு. அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, லாபம் தராத கிராமத் தடங்களுக்கு உள்ளூர் கவுன்சில்கள் டெண்டர் விட்டுப் பணம் தருகின்றன. கட்டாயச் செலவாக இல்லாததால், நிதி நெருக்கடி வந்ததும் பல கவுன்சில்கள் அதைத்தான் வெட்டின.

இருந்தும் என் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது. முழுத் தடத்தையும் உள்ளாட்சி தாங்க வேண்டாம். பகலில் டவுன் பஸ் அதன் வழக்கப்படி ஓடட்டும்; உள்ளூர்த் தெருக்களை மினி பஸ் மெயின் ரோட்டோடு இணைக்கட்டும். யாரும் ஓட்ட விரும்பாத நடைக்கு மட்டும் டீசல் பணத்தை ஊராட்சி ஒன்றியம் ஏற்கட்டும். அதற்குத் தனி அரசாணை வேண்டும்; இலவசப் பயணம் தொடர, ஓட்டுவது அரசு பஸ்ஸாகவே இருக்க வேண்டும்.

எங்கள் ஊரின் எட்டரை மணி நடைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வழிக்கு 18 கிலோமீட்டர், போகவர 36. லிட்டருக்கு 5 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 660 ரூபாய், மாதத்துக்கு 20,000. தடத்தில் ஐந்து ஊராட்சிகள் இருக்கின்றன. ஒன்றியம் கைவிரித்தால்கூட ஒவ்வொரு ஊராட்சிக்கும் மாதம் 4,000 ரூபாய்தான் வருகிறது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதியிருக்கிறேன். 'பஸ் வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதவில்லை. நேரம், தூரம், தொகை மூன்றையும் எழுதி, கீழே அந்தப் பதினைந்து பேரில் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். வேலையை விட்ட இருவர் வீட்டுக்கு நாளை போக வேண்டும்.