மழைக்கால லாரி டயர் என்று சொல்லி 3,840 வெள்ளியை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்: பிரைம் மூவர் (கண்டெய்னர் டிரெய்லரை இழுக்கும் லாரி) வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

3,840 வெள்ளி. எட்டு டயர், ஒன்று 480 வெள்ளி வீதம். பருவமழைக்கு இதை மிஞ்சிய டயர் கிடையாது, ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கடலோரச் சாலைகளில் சரக்கு ஏற்றிப் போகிற லாரிகள் இதைத்தான் போடுகின்றன, புத்தம்புதிய சரக்கு என்று வாய் கூசாமல் சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பூட்டி அனுப்பியதோ பத்து வயதைத் தாண்டிய டயர்கள். என் அண்ணன் கை கால் முழுதாக வீடு வந்து சேர்ந்தது நாங்கள் செய்த புண்ணியம். வயிறு இன்னும் எரிகிறது. இன்னொருவர் அதே கடையில் பணம் கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கனரக வண்டிக்கு டயர் பார்த்து வாங்குவது எப்படி என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஒரு சிறிய குடும்பத் தொழில். இரண்டு பிரைம் மூவர்கள். ஒன்றை அண்ணன் ஓட்டுகிறார். கணக்கு, காப்புறுதி, பில் எல்லாம் என் பொறுப்பு. துவாஸ் துறைமுகம் 2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பிறகு எங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துக்கும் துவாஸுக்கும் இடையில்தான். போகும்போது சரக்கு நிறைந்த கண்டெய்னர், வரும்போது பெரும்பாலும் காலி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஜனவரியிலும் விடாமல் கொட்டும்போது, காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு கடலோரத்தில் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுமை இல்லாதபோது பின்னச்சுச் சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிப்பதில்லை. அதனால்தான் மழைக்கு முன்பே பின்னச்சுகள் இரண்டுக்கும், பக்கத்துக்கு இரட்டைச் சக்கரமாக, எட்டு டயர்களை மாற்றிவிடலாம் என்று அண்ணன் சொன்னார்.

பொருள்களை வாங்கி விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்றில் விளம்பரம் இருந்தது. மேற்குப் பக்கத் தொழிற்பேட்டை ஒன்றில் லாரி டயர் கடை. போனோம். கடைக்காரர் தமிழர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க தங்கச்சி, மழை வருகிறது, உள்ளே உட்காருங்கள்" என்று தம் அறையில் உட்கார வைத்தார். தேநீர் வந்தது. ஊர் எது, அப்பா என்ன செய்தார், எத்தனை வண்டி என்று விசாரித்தார். தம் மகனும் லாரித் தொழிலில்தான் இருக்கிறான் என்றார். பிறகு காட்சிக்கு வைத்திருந்த டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் நிறுத்தி, சாலையில் படும் பரப்பில் உள்ள பள்ளத்துக்குள் அளவுகோலை விட்டுக் காட்டினார். பள்ளம் முழு ஆழத்தில் இருந்தது. பக்கவாட்டில் மூன்று மலைச் சிகரங்களும் நடுவில் ஒரு பனித்துகளும் போட்ட சின்னத்தை விரலால் தடவி, "பனியிலேயே வழுக்காத டயர், மழைத்தண்ணீரில் வழுக்குமா? நீங்களே சொல்லுங்கள் தம்பி" என்றார்.

அண்ணன் தயாரிப்புத் தேதியைக் கேட்டார். கேட்டார் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் கேட்கவே இல்லை என்று இப்போது சாதிக்கிறார்கள். கடைக்காரர் ஒரு கணமும் தயங்கவில்லை. டயரின் மேலே ஒட்டியிருந்த ஐரோப்பிய ஸ்டிக்கரைப் பதமாக உரித்தெடுத்து என் கையில் கொடுத்தார். ஈரச் சாலைப் பிடிப்புக்கு 'பி' தரம், ஓரத்தில் கியூஆர் குறியீடு. "போன வருடச் சரக்கு. இதை பில்லோடு வைத்துக்கொள் தங்கச்சி, நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது." அந்தக் குரலில் இருந்த பரிவை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கொதிக்கிறது. அங்கேயே கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்பும் பேநவ் வழியாக 3,840 வெள்ளியை அனுப்பினேன். சக்கரங்களைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் டயரை ஏற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். எங்களை மழையில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பில்லில் "இறக்குமதி டயர் 8" என்று ஒரே வரி.

அடுத்து வந்த பெருமழையில் அண்ணன் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் காலிக் கண்டெய்னரோடு போய்க்கொண்டிருந்தார். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்ட அனுமதியே இல்லாத வண்டி, அந்த மழையில் அதைவிடக் குறைவாகத்தான் போயிருக்கிறார். முன்னால் ஒரு கார் சட்டென்று தடம் மாறி நுழைந்தது. பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் பிடியை விட்டுவிட்டன. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, பிரைம் மூவரின் பின்பகுதி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், இரண்டு தடங்களுக்குக் குறுக்காக நின்றது. பக்கத்துத் தடத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் அன்று இரவு முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் எங்களுக்குப் பழக்கமான, வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து டயர் பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரை அழைத்தோம். அவர் டார்ச் விளக்கை இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் அடித்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வெளிச்சக்கரத்தைக் கழற்றித் தரையில் சாய்த்தார். உள்பக்கம் திரும்பியிருந்த ரப்பரில் தண்ணீர் வற்றிய குளத்து மண் போல வெடிப்பு. அதன் நடுவே ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 0914. அதாவது 2014-ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். ஒவ்வொன்றாக எட்டையும் கழற்றினார். எட்டும் அதே ஆண்டு. முழுத் தேதி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பது உண்டு, மறுபக்கத்தில் தேதி இல்லாத குறியீடு மட்டும் இருக்கும். அந்தத் தேதிப் பக்கம் எட்டு டயர்களிலும் இடுக்கை நோக்கியே பூட்டப்பட்டிருந்தது. ஒன்று அப்படி அமைந்தால் தற்செயல். எட்டும் அமைந்தால் அது திட்டம்.

வீட்டுக்கு வந்து அந்த ஸ்டிக்கரை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதில் அச்சிட்டிருந்த அளவு 315/80. எங்கள் டயர் 295/80. அதோடு, கியூஆர் குறியீடு உள்ள அந்த வகை ஐரோப்பிய லேபிள் நடப்புக்கு வந்ததே 2021 மே மாதத்தில்தான். 2014-இல் செய்த டயரில் அது எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? வேறொரு டயரின் ஸ்டிக்கரை ஒட்டி வைத்து, அதையே பரிவோடு உரித்துக் கொடுத்திருக்கிறார்.

பள்ளம் ஆழமாக இருந்தது உண்மைதான். ஓடாத டயருக்குப் பள்ளம் ஆழமாகத்தான் இருக்கும், கிடங்கில் கிடந்து ரப்பர் இறுகிப்போனதை அளவுகோல் காட்டாது. பனிச் சின்னம் என்று பெரிதாகக் காட்டினாரே, அது இறுகிய பனியில் வைத்துச் செய்யும் சோதனைக்கு உரியது. குளிர்கால டயரின் ரப்பரை 7 டிகிரிக்கும் குறைவான குளிரிலும் இளகி இருக்கும்படி கலக்கிறார்கள். நார்வே போன்ற நாட்டின் கடலோரத்தில், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கி, மழையும் பனியும் கலந்து கொட்டும் சாலையில் அது உயிர் காக்கும் பொருள். அங்கே குளிர்காலத்தில் கனரக வண்டியின் டயர் பள்ளம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இங்கே சட்டம் கேட்பது 1.6. நம் ஊரில் எவ்வளவு மழை கொட்டினாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த மென்மையான ரப்பர் இந்தச் சூட்டில் வேகமாகத் தேய்ந்துதான் போகும். சில டயர்களில் இருக்கும் எம்+எஸ் குறிக்கு இவ்வளவு மதிப்புகூடக் கிடையாது. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பவர் தாமாகவே பொறித்துக்கொள்ளலாம். ஜெர்மனி அந்தக் குறியை மட்டும் வைத்து இப்போது குளிர்கால டயர் என்று ஏற்பதே இல்லை.

நான் பழைய டயருக்கோ, தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயருக்கோ எதிரி அல்ல. விமானங்களே ரீட்ரெட் செய்த டயரில் இறங்குகின்றன. ரீட்ரெட் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது வியாபாரம். பத்து வயது டயரைப் புதிது என்று விற்பது கொலை முயற்சி. கடுமையான சொல் என்று யாராவது நினைத்தால், அந்த மழையில் சாலைக்குக் குறுக்காக நின்ற வண்டிக்குள் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் தொலைபேசியை எடுத்தவர், "அப்படி இருக்காதே தங்கச்சி, படம் அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் முதலாளி ஜோகூர் போயிருக்கிறார் என்றார்கள். முதலாளியின் வண்டி வாசலில்தான் நின்றது. இன்னொரு நாள் கடைப்பையன் மாற்றி எடுத்துவிட்டான் என்று கதை. மாற்றி எடுத்தான் என்றால் சரியான டயரைக் கொடுங்கள் என்றேன். அந்தச் சரக்கு முடிந்துவிட்டதாம். காற்று அதிகம் அடித்ததால் வெடிப்பு வந்தது, ஓட்டிய டயரைத் திருப்பி எடுக்க முடியாது, முன்னச்சில் போடவில்லையே, பின்னச்சுக்கு வயது ஒரு பொருட்டா என்று நாளுக்கொரு பேச்சு. பிரிட்டனில் 2021 பிப்ரவரியிலிருந்து பத்து வயது கடந்த டயரை லாரியின் முன்னச்சில் போடுவதே சட்டவிரோதம் என்று ஆகிவிட்டது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பின்னச்சு என்று பேசுகிறார். கடைசியாகப் பேசியபோது குரலே மாறிவிட்டது. "மேடம், நீங்கள் கம்பெனிப் பெயரில் வாங்கியிருக்கிறீர்கள். லெமன் சட்டம் உங்களுக்குச் செல்லாது. எங்கே வேண்டுமானாலும் போங்கள்."

குறையுள்ள பொருளைச் சரிசெய்தோ மாற்றியோ தரச் சொல்லும் அந்த லெமன் சட்டம் சாதாரண நுகர்வோருக்கானதுதான், உண்மை. ஆனால் கம்பெனி என்றால் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொன்ன வர்ணனைக்கு ஒத்த பொருளைக் கொடுக்க வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான தகராறுகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எடுத்துக்கொள்கிறது, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். 3,840 வெள்ளிக்காக நான் பேசுவேன். புதிதாக வேறு எட்டு டயர்கள் வாங்கிப் பூட்டிய செலவும், வண்டி நின்ற நாட்களின் வருமானமும் இந்த 3,840-இல் சேரவில்லை.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமாகச் சில வார்த்தைகள் மட்டும். டயரைச் சக்கரத்தில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் புரட்டி, நான்கு இலக்கத் தேதியைக் கண்ணால் பார்த்துப் படம் எடுங்கள். ஒன்றிரண்டு போதாது, எல்லா டயரிலும் பாருங்கள். ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், மழை பெய்தாலும் நில்லுங்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றா என்று பாருங்கள். பனிச் சின்னத்தைக் காட்டினால் வேண்டாம், ஈரச் சாலைப் பிடிப்பின் தரத்தைக் காட்டு என்று கேளுங்கள். சுமை எண்ணையும் பாருங்கள்: 152/148 என்றால் ஒற்றையாகப் பூட்டினால் ஒரு டயர் 3,550 கிலோ தாங்கும், இரட்டையாகப் பூட்டினால் 3,150. பில்லில் பிராண்டு, அளவு, தேதி எண் மூன்றையும் எழுதித் தராத கடையில் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

கடையின் பெயரைக் கேட்டு யாரும் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். மனு முடியும் வரை சொல்ல மாட்டேன். அண்மையில் மேற்குப் பக்கத்தில் 'ஐரோப்பியக் குளிர்கால டயர்' என்று யாராவது வாங்கியிருந்தால், இன்றே வெளிச்சக்கரத்தைக் கழற்றி இடுக்கில் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அதுவரை மழையில் காலி வண்டியை எடுக்காதீர்கள்.