மன்னர்ஹெய்ம்: ஹெல்சின்கி வீடா, மிக்கேலி தலைமையகமா?

ஃபின்லாந்து போகிறவர்கள், அந்நாட்டின் படைத்தலைவராகவும் பின்னர் அதிபராகவும் இருந்த மார்ஷல் மன்னர்ஹெய்மை அறிய எங்கே போவது என்று குழம்புவதுண்டு: தலைநகர் ஹெல்சின்கியில் அவர் வாழ்ந்த வீடா, மிக்கேலி நகரில் அவருடைய போர்த் தலைமையகமா? இரண்டும் அருங்காட்சியகம்தான், ஆனால் காட்டும் மனிதர் வேறு.

தூரம்:
வீடு ஹெல்சின்கியிலேயே, கைவோபுயிஸ்தோ பகுதியில்.
மிக்கேலி சுமார் 230 கி.மீ.; போய்வர ஒரு நாள் போய்விடும்.

காலம்:
வீட்டில் 1924 முதல் 1951-ல் இறக்கும்வரை குடியிருந்தார்.
மிக்கேலியிலிருந்து சோவியத் யூனியனுக்கு எதிரான 1939-40 குளிர்காலப் போரையும், 1941-44-ல் அதனுடனே நடந்த அடுத்த போரையும் நடத்தினார்.

பார்க்க:
வீட்டில் பதக்கங்கள், புலித்தோல், 1906-08-ல் குதிரையில் பெய்ஜிங்வரை போன பயணத்தின் நினைவுகள். அப்புறம் அந்தப் படுக்கையறை! 1918-19-ல் ஆட்சிப் பொறுப்பாளர், 1944-46-ல் அதிபர். அவர் படுத்தது ஒடுக்கமான ராணுவக் கட்டிலில். அவரைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் இந்தக் கட்டில் சொல்வது கிடைக்காது.
மிக்கேலியில், பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அவருடைய அலுவல் அறை.

அவகாசம் குறைவு, மனிதரைத்தான் தெரிய வேண்டும் என்றால் வீடு. போர் முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன என்று பார்க்க விரும்பினால் மிக்கேலி. ஜூன் 4, அவர் பிறந்தநாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது: மிக்கேலி ரயில் நிலையத்தில் நிற்கும் அவருடைய சலூன் பெட்டியை (அவர் பயணம் செய்த தனி ரயில் பெட்டி) அன்று மக்கள் பார்வைக்குத் திறப்பது வழக்கம்.