டிசம்பர் மழையில் குமரிக்கு வேன்: 12 சீட் டிராவலர் வாடகை ஒரு விமர்சனம்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் குடும்பங்களுக்கு இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வரும். ஒன்று விடுமுறை, இன்னொன்று வடகிழக்குப் பருவமழையின் கடைசிச் சுற்று. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க 700 கிலோமீட்டர் போய், சாம்பல் நிற வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் ஹோட்டல் அறையைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கப்போவது வேனில்தான். ஆனால் 12 சீட் டெம்போ டிராவலர் வாடகைக்குப் பேசும்போது பெரும்பாலானோர் கேட்பது புஷ்பேக் சீட் உண்டா, எல்இடி லைட் உண்டா, ஸ்பீக்கர் நல்லா இருக்குமா என்பதைத்தான். மழைக் காலத்தில் இந்த மூன்றும் கடைசி. கூரை ஒழுகுமா, டயரில் கோடு இருக்கிறதா, டிரைவர் நேற்று தூங்கினாரா, நின்றுகொண்டிருக்கும் நாளுக்கு என்ன பில் என்ற வரிசையில் கேளுங்கள்.

முதலில் ஒழுகல். சோதிக்காமல் விட்டால் அதிகம் வருத்துவது இதுதான். வேனுக்குள் சொட்டும் தண்ணீர் இரண்டு வகை. மழையே இல்லாதபோதும் ஏசி ஓடினால் சொட்டுகிறது, பிரேக் போட்டால் முன் சீட்டில் மொத்தமாகக் கொட்டுகிறது என்றால் அது ஏசி தண்ணீர். கூரையில் இருக்கும் கூலிங் காயிலில் சேரும் தண்ணீரை வெளியே விடும் டியூபில் தூசி அடைத்திருக்கும். ஏசி மெக்கானிக் காற்றடித்தால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். புறப்படும் முன் ஷெட்டிலேயே செய்யச் சொல்லுங்கள். மழையில் மட்டும், அதுவும் வண்டி ஓடும்போது மட்டும் சொட்டினால் ஜன்னல் கண்ணாடி ரப்பர் பீடிங் காய்ந்து விட்டிருக்கிறது, அல்லது கூரையில் கேரியர் மாட்டிய போல்ட் ஓட்டை வழியாக இறங்குகிறது. இதை வழியில் சரி செய்ய முடியாது. சிலிக்கான் பூசினால் காய ஒரு நாளாவது வேண்டும்.

சோதிப்பது சுலபம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியை வாட்டர் வாஷ் போடச் சொல்லி, கூரையிலும் ஜன்னல் ஓரங்களிலும் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு உள்ளே ஏறிக் கடைசி வரிசை சீட்டின் மூலையையும் தரை விரிப்பின் அடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஏறியதும் ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலாக அடித்தால் விரிப்பை ஒருமுறை தூக்கிப் பார்ப்பது நல்லது. பூஞ்சை நாற்றத்தை மூடத்தான் பல நேரம் ஸ்ப்ரே அடிக்கிறார்கள்.

லக்கேஜ் மேலே கேரியரில்தான் போகும். 12 பேர் உட்கார்ந்தால் உள்ளே பெட்டிக்கு இடமில்லை. ஒன்பது பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும் என்பதே நாலு நாள் பயணத்துக்கு நியாயமான கணக்கு. தார்ப்பாயைப் பெட்டிகளின் மேலே போர்த்திக் கயிறு கட்டினால் போதாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முன் ஓரத்தைத்தான் முதலில் தூக்கும். அதனால் முன் ஓரத்தைப் பெட்டிக்கு அடியில் மடித்துச் செருகி, பிறகு மேலே போர்த்தி, பின்பக்கம் சரிவாக விட்டுக் கட்ட வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் அங்கே தண்ணீர் குளம் கட்டும். எவ்வளவு கட்டினாலும் ஜிப் வழியாக ஈரம் இறங்கும் என்பதால், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பெரிய கருப்புக் குப்பைப் பையை விரித்து அதற்குள் துணி வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. ஒரு நாளுக்கான மாற்றுத் துணி மட்டும் தனிப் பையில் உள்ளே இருக்கட்டும். படிக்கட்டு ஓரம் குடைகளுக்கென ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தால் தரை காய்ந்தே இருக்கும்.

டயரைப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். பள்ளக் கோடுகளுக்கு நடுவே ஆங்காங்கே குட்டி மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் கோட்டின் ஆழம் சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மழை ரோட்டுக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள். நாலு டயரும் நன்றாக இருந்து ஸ்டெப்னி மட்டும் மொட்டையாக இருப்பது சகஜம். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து விறைத்திருந்தால் கண்ணாடியில் கரகரவென்று கோடு போடும். புது ரப்பர் சில நூறு ரூபாய்தான், பேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வைப்பர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஷாம்பு கலந்தால் லாரிகள் தெளிக்கும் எண்ணெய்ச் சேறு போய்விடும்.

நனைந்த பத்துப் பேர் ஏறி உட்கார்ந்ததும் முன் கண்ணாடியில் ஆவி படியும். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரமே தெளிந்துவிடும். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பேசிய வண்டியில் டீசல் ஓனர் செலவு. அதனால் “மழைதானே சார், குளிருது, ஏசி எதுக்கு?” என்று டிரைவர் அணைத்துவிடுவார். நிற்கும் நேரத்தில் இது இன்னும் பெரிய பிரச்சினை. கொட்டும் மழையில் பார்க்கிங்கில் இரண்டு மணி நேரம் குழந்தைகளோடு வேனுக்குள் உட்கார நேரும்போது ஏசி போடுவாரா, அதற்கு மணிக்கு எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள்.

இனி பில். வழக்கமான முறை: கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, டோல் பார்க்கிங் தனி. கணக்குப் போட்டுப் பார்க்க, கிலோமீட்டருக்கு 22 ரூபாய், நாளுக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர், பேட்டா 800 என்று வைத்துக்கொள்வோம். சென்னை–குமரி போய்வர 1,400, அங்கே சுற்ற 150, ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வந்துபோக 50, ஆக 1,600 கிலோமீட்டர். நாலு நாள் குறைந்தபட்சம் 1,200தான், ஓடியது அதற்கு மேல் என்பதால் 1,600 × 22 = 35,200, பேட்டா 3,200. மொத்தம் 38,400.

மழையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டால்? ஐந்து நாள் குறைந்தபட்சம் 1,500. அதுவும் 1,600க்குக் கீழேதான். கூடுதல் செலவு பேட்டா 800 மட்டும். ஆறாவது நாளும் மாட்டினால் குறைந்தபட்சம் 1,800 ஆகிவிடும். ஓடாத 200 கிலோமீட்டருக்கு 4,400, பேட்டா 800, அந்த ஒரு நாள் மட்டும் 5,200 ரூபாய். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம், இரண்டாம் நாள் பொறுக்கக்கூடாது. நாள் வாடகை தனி, டீசல் உங்களுடையது என்று பேசும் முறையில் இந்தச் சலுகை கிடையாது. முதல் நாளே முழு வாடகை ஏறும். மழை மாதத்தில் கிலோமீட்டர் முறையே மேல்.

நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையா என்பதையும் கேளுங்கள். நள்ளிரவுக் கணக்கென்றால் இரவு 10 மணிக்குக் கிளம்புகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாளைத் தாரை வார்க்கிறார். விடிகாலை 4 மணிக்குக் கிளம்புவது பில்லுக்கும் நல்லது, டிரைவரின் கண்ணுக்கும் நல்லது.

டிரைவர் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போகாமல் அரை மணி ஓய்வு என்றும் சொன்னது. வாடகை வேன்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் எல்லை 80 கிலோமீட்டர். மழையில் சராசரி 50 வந்தாலே பெரிது. அப்படியானால் குமரிக்கு ஓட்டம் மட்டும் 14 மணி நேரம். “பதினோரு மணி நேரத்துல இறக்கிவிட்டுடுவேன்” என்கிறவரை வேண்டாம் என்று சொல்லுங்கள். திருச்சியில் ஒரு இரவு தங்குவதுதான் சரியான திட்டம். சென்னையிலிருந்து அது சுமார் 330 கிலோமீட்டர். மழையில் அதற்கே அவருடைய 8 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும், அதைத் தாண்டி இழுக்கக்கூடாது. அங்கே டிரைவருக்குப் படுக்கை உண்டா என்று ஹோட்டலில் முன்பே கேளுங்கள். மழையில் ஜன்னலை மூடிக்கொண்டு வேனிலேயே படுத்தவர் கொசுவோடு போராடிவிட்டு மறுநாள் ஸ்டியரிங் பிடிப்பார்.

இதே மாதம் சபரிமலை சீசன். மண்டல பூஜை டிசம்பர் கடைசி வாரத்தில் வருவதால் வேன்களுக்குக் கிராக்கி, வாடகையும் ஏறியிருக்கும். பம்பை போய்விட்டு விடிகாலையில் ஷெட்டுக்கு வந்த வண்டி அன்று மாலையே உங்கள் வாசலில் நிற்கும். வண்டி கழுவப்பட்டிருக்கும், டிரைவர் தூங்கியிருக்க மாட்டார். முந்தைய ட்ரிப் எப்போது முடிந்தது என்று கேட்பதில் தவறில்லை. டிரைவர் மாலை போட்டவரானால் காலை மாலை குளித்துப் பூஜை செய்ய நேரமும் சைவச் சாப்பாடும் வேண்டும். அதற்கேற்ப நிறுத்தங்களைத் திட்டமிடுவது நம் பொறுப்பு.

காகிதங்களில் பார்க்க வேண்டியது குறைவு. மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு ‘ஓன் போர்டு’ வண்டி ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் வாடகைக்கு ஓடியது தெரிந்தால் விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். வண்டி எண்ணை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதிகள் வந்துவிடும். பரனூரிலிருந்து நாங்குநேரி வரை வரிசையாக டோல்கேட் இருப்பதால் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்பதும் முக்கியம். டேக் வேலை செய்யாவிட்டால் 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் 1.25 மடங்கு. அந்தக் கூடுதல் ஓனரைச் சேர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்க வேண்டிய இன்னொன்று, ரெட் அலர்ட். வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்த்தால்தான் சிவப்பு. அது பயமுறுத்தல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, தாமிரபரணிக் கரை முழுக்கச் சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் அருகே அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. போகும் வழியில் ஏதாவது மாவட்டத்துக்கு ரெட் அலர்ட் என்றால் அட்வான்ஸ் பிடித்தமில்லாமல் தேதி மாற்றலாம் என்று ஒரு வரி போதும். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033க்கு அழைக்கலாம்.

ஊருக்குள் சப்வேயில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் தெரிந்தால் இறங்கவே வேண்டாம். இறங்கி இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும். “போங்க, போயிடலாம்” என்று நீங்கள் அவசரப்படுத்தியதாக இருந்தால் பில் பஞ்சாயத்தும் உங்களிடம்தான் வரும்.

குமரியில் காற்று பலமாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விட மாட்டார்கள். 2024 டிசம்பர் 30இல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில்தான் இருக்கிறது, படகு இல்லாமல் அங்கே போக வழியில்லை. அன்று கடற்கரையில் காத்திருக்காமல் வேனைச் சுசீந்திரத்துக்கோ தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்கோ திருப்புங்கள். இரண்டும் பெரும்பாலும் கூரைக்கடியில் பார்ப்பவை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. குற்றாலம் வேண்டாம், பெருமழையில் முதலில் குளிக்கத் தடை போடும் இடம் அது.

நம் தீர்ப்பு: எட்டுப் பேருக்கு மேல் என்றால் டிராவலர் கொடுத்த காசுக்குத் தகும். இரண்டு கார், இரண்டு டிரைவர், இரண்டு பேட்டா என்பதைவிட மலிவு, மழையில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதும் நிம்மதி. பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் கடைசி வரிசை மட்டும் தூக்கிப்போடும். வாந்தி வரும் பிள்ளைகளை நடு வரிசைக்கு மாற்றுங்கள். ஆறு பேருக்குள் என்றால் எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ நாகர்கோவில் வந்தே பாரத்தோ பிடித்து, இறங்கிய பிறகு உள்ளூர் வண்டி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கிளம்பும்போது மீட்டரை வீட்டு வாசலில் போட்டோ எடுப்பது போதாது. கணக்கு ஷெட் டு ஷெட். வேளச்சேரியில் ஏறும் உங்களுக்கு வண்டி பூந்தமல்லியிலிருந்து வந்தால் அந்தத் தூரம் இரண்டு முறை பில்லில் ஏறும். ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதே டிரைவரை மீட்டர் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், திரும்பிப்போய் நிறுத்தியதும் இன்னொன்று. பாக்கிப் பணம் அதற்குப் பிறகு.