சென்னை வானில் ட்ரோனும் பறவைகளும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டிஜேஐ மினி 2 ட்ரோனைச் சென்னையிலும் அதன் புறநகர்களிலும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக மொட்டை மாடிகளின் நீர்க்கசிவையும் மேல்நிலைத் தொட்டிகளின் விரிசலையும் படம்பிடிப்பதும், மழைக்குப் பிறகு ஏரிகளின் நிலையைப் பதிவு செய்வதும்தான் இதில் பெரும்பகுதி. இதன் படத்தரத்தையும் பேட்டரியையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்நகரில் ட்ரோன் பறக்கவிடுபவரை அவற்றைவிட அதிகமாகக் கவலைப்பட வைப்பது பறவைகளின் தாக்குதல் என்பதால், அதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பறவை நெருங்கினால் உடனே மேலே ஏற்றிவிட வேண்டும் என்பதே இது குறித்துப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பருந்தைப் பொறுத்தவரை அது சரி. காகத்திடம் அதனால் பயனில்லை, தரையில் கூடுவைக்கும் ஆட்காட்டிப் பறவையிடம் அதற்குத் தேவையே இல்லை. எந்தப் பறவை, எதற்காக வருகிறது என்று அறிந்துகொண்ட பிறகே ரிமோட்டில் கையை அசைக்க வேண்டும் என்பது இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதியாகியிருக்கிறது.

முதலில் பருந்து. சென்னையில் நாம் மிகுதியும் காண்பது கரும்பருந்து. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், இறைச்சிக்காக ஆடு வெட்டும் ஆட்டுத்தொட்டிப் பகுதிகள், கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகள் ஆகியவற்றை ஒட்டி இவை கூட்டமாக வட்டமிடும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் வெப்பக்காற்றில் ஏறிக்கொள்வதால், காலை எட்டு மணிக்குள் வெறிச்சோடிக் கிடந்த வானம் பத்து, பதினோரு மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். கோடையில் கடற்காற்று உள்ளே நுழைந்த பிறகு இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். உயரமான அடுக்ககங்களின் கிழக்குச் சுவரில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புவதால், அந்தச் சுவருக்கு நேர்மேலே பருந்துகள் இறக்கையை அசைக்காமலே மிதந்து நிற்கும். மாடியைப் படம்பிடிக்க நாம் ட்ரோனை நிறுத்த விரும்புவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். ஆகவே மாடி வேலைகளையெல்லாம் இப்போது காலையிலேயே முடித்துவிடுகிறேன்.

வட்டமிடும் பருந்து எல்லாம் தாக்க வருவதில்லை. இறக்கையை முழுதாக விரித்து, பிளவுபட்ட வாலை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டு சுற்றும்வரை அது வேடிக்கைதான் பார்க்கிறது. இறக்கையைப் பாதி மடக்கி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, ட்ரோனுக்குப் பின்புறமாக மேலிருந்து சரிந்து வரத் தொடங்கினால் அதன் எண்ணம் மாறிவிட்டது என்று பொருள். இந்த மாற்றம் கேமராவில் தெரியாது. திரை முன்புறத்தை மட்டுமே காட்டும், பருந்தோ பின்னாலிருந்து வரும். அதனால் திரையைப் பார்ப்பதற்கென்றே ஒருவரையும், வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒருவரையும் வைத்துக்கொள்வது மிகவும் உதவுகிறது. துணைக்கு ஆள் இல்லாத நாளில் காகங்களின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன், ஏனெனில் பருந்து தாழ வரும்போது நமக்கு முன்பாகவே அவை கரைந்து கூட்டம் சேர்த்துவிடுகின்றன.

பருந்து சரியத் தொடங்கியதும் ட்ரோனை அதன் அதிவேக நிலையான ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி நேர்மேலே ஏற்ற வேண்டும். இந்த ட்ரோன் அந்த மோடில் விநாடிக்கு 5 மீட்டர் ஏறும். நாற்பது மீட்டரிலிருந்து எண்பது மீட்டருக்குப் போக எட்டு விநாடி போதும். மேலிருந்து விழுவதுதான் பருந்தின் பலம். செங்குத்தாக மேலே ஏற அது இறக்கையை வலிந்து அடிக்க வேண்டியிருப்பதால், பெரும்பாலும் ஓரிரு முயற்சிகளிலேயே விட்டுவிடும். பக்கவாட்டில் விநாடிக்கு 16 மீட்டர் வேகம் கிடைக்கும் என்றாலும், விலகி ஓடும் பொருளைத் துரத்துவது வேட்டைப்பறவையின் இயல்பு என்பதால் அந்த வழியை நான் நாடுவதில்லை. அவசரமாகக் கீழே இறக்குவதும் ஆபத்தானது. இறங்கும் வேகம் ஏறும் வேகத்தைவிடக் குறைவு, அதோடு ட்ரோன் தான் கலக்கிய காற்றுக்குள்ளேயே தான் இறங்குவதால் தள்ளாடும்.

ஏறுவதற்கு மேலே இடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரைதான் அனுமதி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது 200 அடிதான். உச்ச வரம்பிலேயே பறந்துகொண்டிருந்தால் பருந்து வரும்போது போக்கிடம் இருக்காது. ஆகவே நாற்பது மீட்டருக்குள் வேலையை வைத்துக்கொண்டு, மேலேயுள்ள உயரத்தைத் தப்பிப்பதற்கென ஒதுக்கிவிடுகிறேன். முழு வேகத்தில் ஏறுவது பேட்டரியை வேகமாகக் கரைக்கும் என்பதால், பருந்துகள் தென்படும் நாட்களில் பேட்டரி நாற்பது சதவீதத்துக்குக் குறைவதற்குள் திரும்பிவிடுகிறேன்.

செம்பருந்து, நம் ஊரில் கருடன் என்று கும்பிடப்படுவது, என் அனுபவத்தில் ட்ரோனைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனாலும் கூடு அருகில் இருந்தால், கரும்பருந்திடம் காட்டும் அதே எச்சரிக்கையை அதனிடமும் காட்ட வேண்டும்.

காகத்தின் கதை முற்றிலும் வேறு. அது வேட்டையாட வருவதில்லை, கூட்டைக் காக்க வருகிறது. பங்குனியில் தொடங்கி ஆனி வரை, குயில் கூவும் அதே காலத்தில், குடியிருப்புகளின் வேப்பமரங்களிலும் தூங்குமூஞ்சி மரங்களிலும் காகம் கூடு வைத்திருக்கும். அப்போது தெருவில் நடப்பவர் தலையையே கொத்தும் பறவை, குஞ்சுக்கு மேல் ரீங்கரிக்கும் ஒன்றை எப்படிப் பொறுத்துக்கொள்ளும்? இங்கே மேலே ஏறினால் காகமும் ஏறும், அதற்குள் கரைந்து இன்னும் நாலைந்தை அழைத்துவிடும். கூட்டிலிருந்து எதிர்த்திசையில், சீரான வேகத்தில், திடீர்த் திருப்பங்கள் இல்லாமல் விலகிப் போவதே வழி. குறிப்பிட்ட தூரம் போனதும் அவை தாமாகவே நின்றுவிடுகின்றன. அந்த எல்லை எது என்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டால், அந்தப் பருவம் முடியும்வரை அதைத் தாண்டாமல் வேலை செய்யலாம். எங்கள் வளாகத்துக் காவலாளி, நான் பெட்டியைத் திறக்கும்போதே, "சார், அந்த ரெண்டாவது வேப்பமரத்துல காக்கா கூடு கட்டியிருக்குது சார், இந்தப் பக்கமா விடுங்க" என்பார். பறக்கவிடும் இடத்தில் நாள்தோறும் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இந்தத் தகவலை எந்தச் செயலியும் தருவதில்லை.

இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான் உருவில் சிறியது, ஆனால் பருந்தையே விரட்டும் துணிவுடையது. விளக்குக் கம்பத்திலோ மின்கம்பியிலோ அது உட்கார்ந்திருந்தால் அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பறக்கவிட்டாலே போதும். ஏரிக்கரைகளிலும் காலி மனைகளிலும் வெறும் தரையில் முட்டையிடும் ஆட்காட்டி, ட்ரோன் உயரத்தில் இருக்கும்வரை கத்துவதோடு நிறுத்திக்கொள்ளும், இறங்கும்போதுதான் பாய்ந்து வரும். இறக்கும் இடத்தை மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அதோடு, அது கத்தும் இடத்தில் காலடி வைக்காமல் இருப்பது முட்டைக்கும் நல்லது.

தடுப்புக் கருவிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மின்னும் ஒட்டுப்படங்களையும் பெரிய கண் வரைந்த ஒட்டுப்படங்களையும் ஒட்டிப் பார்த்ததில் பருந்திடமோ காகத்திடமோ எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை. ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பொருத்தும் முழு வளையத் தடுப்பு பறவைக்குக் காயம் ஏற்படாமல் ஓரளவு காக்கும் என்றாலும், கடற்காற்றில் அது பாய்மரம் போல இழுக்கிறது. தவிர, ட்ரோனின் எடை 250 கிராமைத் தாண்டிவிடுவதால் நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும், அதற்கேற்ப விதிகளும் மாறும்.

பறவை இடித்துவிட்டால் ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குகளிலிருந்தும் விரலை எடுத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் பிடித்திருக்கும் நிலையில் ட்ரோன் தானாகவே சமநிலைக்கு வர முயலும், பதற்றத்தில் நாம் கொடுக்கும் கட்டளைகள்தான் அதைக் கவிழ்க்கும். தரையிறக்கிய பிறகு ஒவ்வொரு ப்ரொப்பெல்லரின் ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத வெட்டு நகத்தில் மாட்டும். மோட்டாருக்குள் இறகின் நார் சிக்கியிருந்தால் கையால் சுழற்றும்போது லேசாக உரசும். ஒரு மோட்டாரில் உள்ள இரண்டு இதழ்களில் ஒன்று சேதமானாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடை ஒத்துப்போகாமல் அதிர்வு வந்து படம் நெளியும்.

இதைவிட முக்கியமானது, இடிபட்ட பறவை எங்கே போனது என்று தேடுவது. பருந்து 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. சட்டம் இல்லாவிட்டாலும் அதற்குக் காயம் செய்தது நம் பொருள்தான். பறக்க முடியாமல் கிடந்தால் துணியால் மூடி, துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு போன்ற இடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதியை 2022இல் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் அருகே நான் ட்ரோனை எடுப்பதே இல்லை. அங்கே கூட்டமாகத் தங்கும் நீர்ப்பறவைகள் தாக்க வருவதில்லை, மாறாக மிரண்டு மொத்தமாக எழும்பிவிடுகின்றன. அதுவும் நாம் செய்யும் தீங்குதான்.

மாடிப் பரிசோதனையை எங்கள் சங்கம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் வைத்திருந்தது. காகங்களின் கூட்டுக் காலத்தைச் சொல்லி, அதை ஆகஸ்டு பிற்பகுதிக்கு மாற்றக் கேட்டுக்கொண்டேன். அப்போது மரங்களில் கூடுகள் காலியாகிவிடுகின்றன, கண்டுபிடித்த விரிசல்களை அடைக்க வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசமும் கிடைக்கிறது.